கமர்ஜஹானுக்காகத் தோண்டிய சுரங்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திண்டுக்கல்லில் சுரங்க ரயில் கிடையாது. இந்தக் கதைக்காக நான் தோண்டினேன். மேலே, ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கைக்காய் வாசத்தோடு வந்து நிற்கும் லோக்கல் ரயில். கீழே, பாறையின் குளிர்ச்சிக்குள், வத்தலக்குண்டு போகும் சுரங்க ரயில். நடுவே நகரும் படிக்கட்டும் பூக்கூடைகளும் கூட்டமும்.

வேலையற்றுப்போய்த் தோண்டவில்லை. பேகம்பூர் கமர்ஜஹானின் மகள் அனிஷா தானாக மாப்பிள்ளை தேடிக்கொண்டதில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. போன மாதம் பெண் குழந்தை பிறந்ததும் அவளே போன் செய்து, வத்தலக்குண்டுக்கு வந்து பார்க்கச் சொன்னாள். கமர்ஜஹான் மூன்று தடவை பஸ் ஏறினாள். மூன்று தடவையும் பாதி வழியில் வீம்பு வந்து இறங்கித் திரும்பிவிட்டாள்.

என் சுரங்க ரயிலுக்கு நடுவே நிறுத்தமே வைக்கவில்லை; பாதி வழியில் இறங்க முடியாது.

2

‘கண்ணீர் மல்க கமர்ஜஹான் படிக்கட்டில்…’

அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.

நகரும் படிக்கட்டு அவளை மெல்லக் கீழே இறக்கியது. கூட்டத்தின் சத்தம் கிணற்றுத் தண்ணீருக்குள் கேட்பதுபோல் கேட்டது. சோதனை வாசலில் காவலர் கௌசல்யா நீட்டிய கருவி அவளுடைய புஜத்தருகே கத்தியது. அங்கே பச்சைத் துணியில் காசு முடிந்திருந்தது. இமாம் ஜாமின்.*

(* பயணம் போகிறவருக்கு வீட்டார் கட்டிவிடுவது. போய்ச் சேர்ந்த பிறகே அவிழ்த்து, காசை ஏழைக்குக் கொடுப்பார்கள். காலையில் கணவர் பக்ருதீன் கட்டிவிட்டார். இந்தத் தடவையாவது என்று ஆரம்பித்து, முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.)

என் தப்புதான். நிலையத்தைக் கட்டிய கையோடு சோதனை வாசலையும் கட்டித் தொலைத்தேன்.

“அவுத்துக் காட்டீட்டு மறுபடி கட்டிக்கோங்க,” என்றாள் கௌசல்யா.

இங்கேயே அவிழ்த்தால் பயணம் இங்கேயே முடிந்ததாக அர்த்தம். கமர்ஜஹானின் முகம் தெளிந்தது. திரும்பிப் போக நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. நான் அவசரமாக வேறு முடிவுகளைத் தேடினேன்.

3

முடிவு அ: கௌசல்யா மனமிரங்கி விட்டுவிடுகிறாள். (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: அனிஷாவே குழந்தையோடு எதிரே வந்து… நடக்காது. பெற்றவள் பேச்சையே கேட்காதவள் என் பேச்சையா கேட்பாள்?

முடிவு இ: கமர்ஜஹான் திரும்பிப் போகிறாள். எழுதக் கை வரவில்லை.

ரயில் வந்து கதவு திறந்து நிற்கிறது. நான் மூடவிடவில்லை. கமர்ஜஹான் வெளியே போகும் பக்கமாக இரண்டடி நடந்தாள். நின்றாள். பிறகு வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினாள்.

“நீங்க அவுத்து விடுங்க. என் கையால அவுத்தா இப்படியே வீட்டுக்குப் போயிருவேன். எனக்குப் பேத்தியப் பாக்கணும்.”

பின்னால் நிற்பது நீங்கள்தான்.