பள்ளத்தில் யார் ஒதுங்குவது?

எங்கள் மலைப்பாதையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். மூச்சு வாங்க ஏறுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. பாதையில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதுவும் ஒல்லியான ஆளாக இருந்தால்.

உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் மழைமானி பார்ப்பது என் வேலை. காலையில் அளவைக் குறித்துக்கொண்டு கீழே ஆபீசுக்கு இறங்குவேன். எதிரே மலை ஆஸ்பத்திரி நர்ஸ் ஏறி வருவாள். நான் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்வேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். இப்படியே மூன்று வருஷம். என் முதுகு பதிந்த குழி அந்தப் பாறையில் இன்றும் இருக்கிறது. மழை வந்தால் ஆடுகள் அதில்தான் ஒதுங்குகின்றன.

பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மிச்சம் ஒரே ஒரு காலை. அவளிடம் பேசியாக வேண்டும். சட்டத்தையும் மீறக் கூடாது. பாதி வழியில் ஒரு பள்ளம் உண்டு. மேலிருந்து வருகிறவரும் அதற்குள் இறங்கித்தான் ஆக வேண்டும், கீழிருந்து வருகிறவரும் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே எதிர்ப்பட்டால் ஏறுகிறவர் என்று யாருமே கிடையாது!

அன்று பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பினேன். நினைத்தபடியே பள்ளத்தில் அவள் எதிரே வந்தாள். நான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். அவள் அந்தப் பக்கம் ஒதுங்கினாள். நடுவில் பாதை காலி.

“போங்க சார்.”

“நீங்க போங்க.”

“இறங்குறவங்கதானே ஒதுங்கணும்? நான் இறங்கி வர்றேன்.”

“நானும்தாங்க.”

ஒரு நத்தை எங்கள் நடுவே பாதையைக் கடந்தது. எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பியும் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

“உங்களுக்கு வாயே கிடையாதா? மூணு வருஷமா பார்க்கிறேன்.”

“ஏறுறவங்க மூச்சைக் கெடுக்கக் கூடாதுன்னு...”

“நல்லா இருக்கே கதை! அதுக்குத்தானே தினமும் இந்தப் பள்ளத்துல பத்து நிமிஷம் உட்கார்ந்து கிடந்தேன்? துரை எழுந்து வர்றதுக்குள்ள எனக்கு டியூட்டிக்கு நேரமாயிடும்.”

நான் உத்தரவை எடுத்து நீட்டினேன். மழையிலேயே படித்தாள்.

“இந்த ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கா?”

“இருக்கு.”

“மலை?”

“இல்லைங்க. ஒரே சமதரை.”

“அப்பாடா!” என்றாள்.

நான் சொட்டச் சொட்ட ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது நோட்டில் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு ‘மழை இல்லை’ என்று பதிவானது. இன்றும் அப்படியே இருக்கும்.

அந்தப் பாதை இப்போது இரண்டு லாரி போகிற சாலை. யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டியதில்லை. எங்கள் வீடு மாடியில். படிக்கட்டு குறுகல். அவள் ஓய்வுபெற்றுப் பதினெட்டு வருஷமாகிறது. நேற்று நான் இறங்கும்போது துணிக்கூடையோடு ஏறி வந்தாள். சட்டப்படி சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் கூடையை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள்.

“முட்டி வலியா?”

“இல்ல. டியூட்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. உட்காருங்க.”