ஒரே ஜீப்பு, ஒரே போன்

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜேசுதாஸ் அண்ணாச்சியின் போன் கடைக்குள் யாராவது கால் வைத்தால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வந்தவர் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பெண்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். வலது பக்கம் நீலச் சட்டையில் சூர்யகலா. இடது பக்கம் ஆரஞ்சுச் சட்டையில் ஜெனி. இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அண்ணாச்சி இல்லை. ஆளுக்கொரு போன் கம்பெனி. தங்கள் போனை விற்பதற்கென்று அடுத்தவன் கடையில் ஆள் நிறுத்தி வைப்பது அந்தக் கம்பெனிகளின் வழக்கம். கம்பெனிகளின் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்ல ஊரில் ஆள் கிடையாது என்பதால், நீலக் கம்பெனி, ஆரஞ்சுக் கம்பெனி என்று சட்டையை வைத்தே எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஜெனி தன் கேமரா ஐம்பது என்றால் சூர்யகலா தன்னுடையது அறுபத்து நாலு என்பாள். ஐம்பது எது, அறுபத்து நாலு எது என்று கேட்டவர் இதுவரை யாருமில்லை. சிலமலையிலிருந்து போனுக்கு உறை வாங்க வந்த விவசாயி ஒருவர், இருவரும் மாற்றி மாற்றிப் பேசியதில் மிரண்டுபோய், கொண்டுவந்த போனையும் மேசையிலேயே விட்டுவிட்டு ஓடியதுண்டு. மத்தியானம் ஒன்றரை ஆனால் சண்டை நின்றுவிடும். பெஞ்சில் ஒரே பக்கம் உட்கார்ந்து, இவள் புளிக்குழம்பை அவளும் அவள் கருவாட்டை இவளும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். இரண்டு மணிக்குக் கை கழுவிவிட்டு மறுபடியும் எதிரிகள் ஆவார்கள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் வந்தார். வழக்கமாக நீலக் கம்பெனிக்கு ஒருவரும் ஆரஞ்சுக் கம்பெனிக்கு ஒருவரும் வருவார்கள். இந்தத் தடவை இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் வந்ததிலேயே அண்ணாச்சிக்குச் சந்தேகம். விஷயம் இதுதான்: வெளியூரில் எங்கோ இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. இனி கடைக்கு ஓர் ஆள் போதும். தீபாவளிக்குள் யார் அதிகம் விற்கிறாரோ அவர் இருக்கலாம், மற்றவர் சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். இதைச் சொல்லிவிட்டு அவர் இரண்டு பேருக்கும் ஒரே தட்டிலிருந்து லட்டு எடுத்துக் கொடுத்தார்.

சூர்யகலாவுக்கு லட்டு இறங்கவில்லை. இந்த வேலை போனால் அவள் எங்கே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ராசிங்காபுரத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பும் ஏலத்தோட்ட ஜீப்புக்குத்தான் போக வேண்டும். கடைக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம் அந்த ஜீப்பில்தான் போடிமெட்டு ஏறி, செடிக்கடியில் குனிந்து ஏலக்காய் பறித்தாள். அது கடையில் யாருக்கும் தெரியாது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முன் அனுபவம் என்ற இடத்தில் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் என்று எழுதிவிட்டாள். எழுதிய பொய் எழுத்தோடு நின்றதா என்றால் இல்லை. ஜெனி கேள்வி கேட்கக் கேட்க அந்தச் சென்டருக்கு ஒரு முதலாளியை உண்டாக்கி, அவருக்கு ஒரு மனைவியை உண்டாக்கி, போன மாதம் அவருக்குச் சர்க்கரை வியாதியும் கொடுத்திருந்தாள்.

இரண்டு வாரத்தில் இருவரும் ஏறக்குறையச் சமமாக விற்றிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அண்ணாச்சி கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில், ஒரு ஜீப்பு நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பதினாறு பேர். தோட்டத்தில் போனஸ் போட்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் சுருளியம்மாள். அந்த ஜீப்புக்கு ஆள் சேர்ப்பதும், யாருக்கு எந்தச் சீட்டு என்று சொல்வதும் அவர்தான். சூர்யகலாவை மூன்று வருஷம் தன் பக்கத்தில் உட்கார்த்திக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

மலைக்குப் போகும் ஜீப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. முதல் சீட்டுக்காரி, அதாவது ஆள் சேர்ப்பவள், என்ன போன் வாங்குகிறாளோ அதையே எல்லாரும் வாங்குவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஒருத்தி சார்ஜரை மறந்தால் இன்னொருத்தியுடையது சேரும். ஒருத்தி போன் முரண்டு பிடித்தால் மற்ற பதினைந்து பேரில் யாருக்காவது அதன் குணம் தெரிந்திருக்கும். ஆகவே சுருளியம்மாளைப் பிடித்தால் பதினாறு. விட்டால் பூஜ்யம். இது ஜெனிக்கும் தெரியும், சூர்யகலாவுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் அவள் சுவரைப் பார்த்து நின்றாள். சுருளியம்மாள் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல், “நீங்க எந்தக் கம்பெனிங்க?” என்று கேட்டார். சூர்யகலாவுக்கு அந்த ‘நீங்க’வைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் ஜெனி ஆரஞ்சு போனைச் சுருளியம்மாள் அக்காவின் கையில் வைத்துவிட்டாள்.

ஜெனி கெட்டிக்காரி. நான்கு எண்ணைப் போட்டுத் திறக்கலாம் என்று முதலில் சொல்லிப் பார்த்தாள். பக்கத்துச் சீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிடுவாள் என்றார் அக்கா. உடனே விரல் வைத்தால் திறக்கும் வித்தையைக் காட்டினாள். அக்காவின் கட்டைவிரல் ரேகையைப் பதிந்தாள்; வைத்தார், திறந்தது. எடுத்தார், பூட்டிக்கொண்டது. பதினாறு பேரும் சுற்றி நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்கள். ஒருநாள் மலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே என்று காட்சிக்கு வைத்திருந்த போனையே அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி ஜெனி கொடுத்தனுப்பினாள். அன்று மத்தியானம் சூர்யகலா கருவாட்டைப் பங்கு கேட்கவும் இல்லை, புளிக்குழம்பைக் கொடுக்கவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய ஜீப்பு, ஊருக்குப் போகாமல் நேராகக் கடை வாசலில் வந்து நின்றது. பதினாறு பேரும் பறிப்புக் கோலத்திலேயே உள்ளே வந்தார்கள். தலையில் துண்டு, கையெல்லாம் ஏலக்காய்க் கறை. கடை மணத்தது.

“இந்தா ஆத்தா உன் போனு,” என்று சுருளியம்மாள் அதை ஜெனியிடம் நீட்டினார். “காலையில ஜீப்புல திறந்துச்சு. ரெண்டு மூடை காய் எடுத்ததுக்கு அப்பறம் என்னைய யாருன்னே தெரியாதுன்னுருச்சு.”

நேற்று குளித்து முழுகி வந்த கட்டைவிரல் வேறு, இன்றைய கட்டைவிரல் வேறு. கறை ஏறி, தோல் தடித்து, ரேகை இருந்த இடமே தெரியவில்லை. ஜெனி துணியால் துடைத்தாள், தண்ணீரால் துடைத்தாள், கண்ணாடி துடைக்கும் மருந்தையும் அடித்துப் பார்த்தாள். போன் மசியவில்லை. முகத்தைக் காட்டித் திறக்கலாம் என்றாள். செடிக்கடியில் கும்மிருட்டில், தலைத்துண்டோடு, எந்தப் போனுக்கு எந்த முகம் தெரியும் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அது நியாயமான கேள்வி. ஜெனியின் நெற்றியில் வேர்வை கட்டியது.

சுருளியம்மாள் நீலச் சட்டையின் பக்கம் திரும்பினார். “நீங்க விக்கிற போனாச்சும் திறக்குமாங்க?”

இரண்டாவது தடவையாக அந்த ‘நீங்க’. சூர்யகலாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவள் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கடை நடுவில் குனிந்தாள். இல்லாத ஏலச்செடியின் தூரில் கையை விட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காயைத் திருகி, உள்ளங்கைக்குத் தள்ளிக் காட்டினாள். அப்படித் திருகும்போது இடது கை தண்டைத்தான் விலக்கிப் பிடித்திருக்கும். அதன் சுண்டுவிரல் எதிலும் படாமல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

“அக்கா, இடது கைச் சுண்டுவிரலைக் குடுங்க. அதுல மட்டும் கறை இருக்காது.”

பதினாறு பேரும் தங்கள் இடது கையைத் தூக்கிப் பார்த்தார்கள். பதினாறு சுண்டுவிரலும் வெளுப்பாக இருந்தன. அக்காவின் சுண்டுவிரலை நீல போனில் பதிந்தாள். திறந்தது. கறையோடு, வேர்வையோடு, தலைத்துண்டோடு திறந்தது.

ஜெனிதான் முதலில் கேட்டாள், கம்ப்யூட்டர் சென்டரில் காய் பறிக்கவும் சொல்லிக் கொடுத்தார்களா என்று.

“சென்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள் சூர்யகலா. “மூணு வருசம் இந்த அக்கா ஜீப்புலதான் போனேன்.”

“அப்ப அந்தச் சர்க்கரை வியாதிக்காரர்?” என்றார் அண்ணாச்சி. அந்த முதலாளிக்காக முந்தின நாள் பூசையில் வேண்டிக்கொண்டவர் அவர். கேட்டுவிட்டு மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டார்.

பதினாறு நீலப் பெட்டிகளை அண்ணாச்சி எடுத்து அடுக்கத் தொடங்கினார். ஜெனி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். சூர்யகலா ஜெயித்தாயிற்று. அப்போதுதான் சுருளியம்மாள் அவள் தோளில் கை வைத்தார். இந்தத் தடவை ‘நீங்க’ இல்லை.

“கலா, நீ நம்ம ஜீப்புல வந்த புள்ள. உன் கைக்காசுன்னா எதை எடுப்ப?”

ஒரு நொடியில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். நீலம் என்று சொல்லிவிட்டால் சட்டை அவளுடையது. ஆனால் போன வைகாசியில் சித்தி மகள் கல்யாணத்துக்குக் குரங்கணிக்குப் போனபோது, கம்பெனி கொடுத்த நீல போன் மலையில் சிக்னலைத் தேடித் தேடியே தாலி கட்டுவதற்குள் அணைந்துபோனது அவளுக்கு நினைவிருந்தது. மெட்டு வளைவில் ஜீப்பு நின்றுபோன மழைநாள் ஒன்றும் நினைவிருந்தது. அன்று வீட்டுக்குச் சொல்ல ஒரே ஒரு போனில்தான் உயிர் இருந்தது; ஜீப்பு முழுக்க அதில்தான் வரிசையாகப் பேசியது. மற்றவர்களிடம் எதையும் விற்கலாம். இந்த ஜீப்புக்குப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“எங்க போனு மலையில மத்தியானத்துக்கு மேல தாங்காதுக்கா,” என்றாள். “ஜெனி போனுல பாட்டரி பெருசு. அதுலயும் சுண்டுவிரல் வச்சாத் திறக்கும். அதையே எடுங்க.”

அண்ணாச்சி அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டிகளைப் பார்த்தார். சுருளியம்மாள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. “அது மதி,” அதுவே போதும் என்று தோட்டத்து மலையாளத்தில் முடித்துவிட்டு ஆரஞ்சை எடுத்தார். பதினாறு ஆரஞ்சு. ஜெனி ஒவ்வொரு சுண்டுவிரலாகப் பதிந்தாள். பதியும்போது அவள் ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை.

தீபாவளி முடிந்ததும் சூர்யகலா சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். அடுத்த வாரமே புதுக் கம்பெனி இன்னொரு முடிவு எடுத்தது: இனி எல்லாம் நீலம், ஆரஞ்சு கிடையாது. ஐந்து வருஷமாக நீலத்தைக் கரித்துக்கொட்டிய ஜெனி, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீலத்தைப் புகழ வேண்டியதாயிற்று. முதல் நாள் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் தன் போனையே திட்டிவிட்டாள்.

சூர்யகலா திங்கட்கிழமை முதல் ஜீப்பில் ஒரு சீட்டு வேண்டுமென்று சுருளியம்மாளிடம் சொல்லி வைத்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. அதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள, சனிக்கிழமை வேலைமெனக்கெட்டு ஒரு கூடைத் துணியைத் துவைத்தாள். துவைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்.

குரலில் எரிச்சல் இருந்தது. இன்னொரு ஜீப்பு வந்து நிற்கிறதாம். அவர்கள் தோட்டத்தில் போனஸ் இப்போதுதான் கொடுத்தார்களாம். ஜெனி பேசினால் காது கொடுக்கமாட்டேன் என்கிறார்களாம். தன் போனைத் தானே வேண்டாம் என்று சொன்ன பெண் எங்கே என்று கேட்கிறார்களாம். நேற்று குரங்கணியிலிருந்து வந்தவர்களும் இதையே கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

“இனிமே நீ என் கடை ஆளு. சம்பளம் நான் தர்றேன்,” என்றார். “வெரசா வா.”

“எந்தக் கம்பெனி போனை விக்கணும் அண்ணாச்சி?”

“எதையாச்சும் வித்துத் தொலை.”

அவள் ஈரக்கையோடு, வீட்டில் போட்டிருந்த சுடிதாரோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். கடைக்குள் பதினாலு பெண்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். குருவம்மாள் என்பவர் முதல் சீட்டுக்காரி. சூர்யகலாவைப் பார்த்ததும் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். ஜெனி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எங்களுக்கு ஏற்ற போன் எது என்று நீயே சொல், அதையே எடுத்துக்கொள்கிறோம் என்றார் குருவம்மாள்.

சூர்யகலா அவர் கையில் இருந்த பழைய போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு என்ன குறை என்று கேட்டாள். சார்ஜ் நிற்கவில்லை, வேறொன்றும் இல்லை என்றார் அவர்.

“அப்ப புதுசு எதுக்குக்கா? பாட்டரியை மாத்துனா இன்னும் ரெண்டு வருசம் ஓடும்.”

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பதினாலு பெண்களும் இடுப்பிலிருந்தும் பையிலிருந்தும் தங்கள் போனை எடுத்து அவள் முன்னால் வரிசையாக வைத்தார்கள். அண்ணாச்சி அந்த வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மதுரைக்குப் போன் போட்டுப் பாட்டரி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி ஜெனியிடம் சைகை காட்டினார்.