வீடு தேடிப் போகும் பாட்டு

கரடியூரில் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிற பாட்டு முடிந்ததும் காற்றோடு போகாது. கேட்டவர்களில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்த் தங்கிவிடும். எஸ்டேட் கூலி அங்கப்பன், கலைந்துபோன பேண்டு செட்டில் மிஞ்சிய கிளாரினெட்டை ஊதுவான். வெள்ளையன், எஸ்டேட்டுக்குச் சைரன் வராத காலத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட அடித்துவந்த தண்டவாளத் துண்டைத் தட்டுவான். மல்லிகா முறத்தில் காப்பிக்கொட்டையைச் சலசலக்க வைப்பாள். இன்னதுதான் வாசிப்பது என்ற பேச்சே கிடையாது. ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் பிடிப்பார், ஒருமுறை வந்தது மறுமுறை வராது. இதற்கு ஜாஸ் என்று பெயர் என்றான் லாட்ஜில் தங்கியிருந்த பெங்களூர்க்காரன். "பேரு என்னமோ இருந்துட்டுப் போவுது, டீ வாங்கிக் குடுத்தானே, அதப் பாருங்க" என்றான் வெள்ளையன்.

ஒரு பாட்டு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டுக் கோழிக்கூட்டில் அடைந்தது. அதற்குப் பிறகு கோழிகள் வரிசையாகத்தான் வெளியே வந்தன. ஒன்று மாரமங்கலம் பஸ்ஸில் ஏறி டிரைவர் வேலுசாமியோடு போய்விட்டது. கைக்குழந்தைக்காரி கனகாவின் தொட்டிலடியில் ஒன்று படுத்துக்கொண்டது. பிள்ளையும் தூங்கியது, கனகாவும் தூங்கினாள். அங்கப்பன் வீட்டுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போன அவன் பெண்டாட்டி பாவாயி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. ஒரு பாட்டு வந்து கூட இருந்தால் போதும் என்று அவனுக்கு ஆகிவிட்டது. வீட்டைப் பார்த்து நின்று ஊதினான். ஒரு மழைநாளில் மற்ற இருவரையும் வீட்டுக்குள்ளேயே கூட்டி வந்து வாசித்தான்; பாட்டு ஓட்டுச்சந்து வழியாக வெளியேறி, மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவனோடு போனது.

"ஊதறவன் ஊட்டுக்கு எதுக்குண்ணா வரும்? கேக்கறவன் ஊட்டுக்குத்தான போவுது" என்றாள் மல்லிகா. "நொம்ப ஆசைன்னா சும்மா உக்காந்து கேளுங்க."

"நான் ஊதாம அது பாட்டாவுமா?"

"ஆவுதோ இல்லையோ, எங்க காதுக்கு ஒரு நா லீவு கிடைக்குமுங்க" என்றான் வெள்ளையன்.

மறுநாள் சாயங்காலம் அங்கப்பன் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் ஊத வேண்டிய இடம் வரும்போதெல்லாம் இருவரும் கையை நிறுத்தி, அதை வெறுமையாகவே விட்டு மேலே போனார்கள். அவனுக்கு உதடு துடித்தது, ஊதவில்லை. முடிந்ததும் பாட்டு கொஞ்ச நேரம் திகைத்து நின்றது. பிறகு காலொடிந்த ஆடு மாதிரி நொண்டிக்கொண்டு அவன் பின்னாலேயே வந்து, அடுப்போரம் ஒண்டிக்கொண்டது.

சோறு வடித்துவிட்டு அவன் கிளாரினெட்டை எடுத்தான். முழுசாகிவிட்டால் கிளம்பிப் போய்விடுமோ என்று பயந்து, விட்டுப்போன இடங்களையெல்லாம் ஊதி நிரப்பி, கடைசி ஒன்றை மட்டும் அப்படியே விட்டான். பாட்டு அந்த இடத்துக்கு வந்து, காத்திருந்து, முதலிலிருந்து தொடங்கியது.

காலையில் வேலைக்குக் கிளம்பியவனை எதிர்வீட்டு மருதாயி நிறுத்தினாள். "ஏப்பா அங்கப்பா, ஊட்டப் பூட்டலையா?"

"உள்ள ஆளு இருக்குதுக்கா."

மருதாயி காதைக் கொடுத்துக் கேட்டாள். "அடப் பாவமே, பகலெல்லாம் தனியாவா கெடக்கும்? மத்தியானம் ஒருக்கா எட்டிப் பாத்துக்கறேன், நீ போ" என்றாள்.