காற்றின் மேல் நின்ற வண்டி

சேகரன் வாய்க்கரிசி எடுக்கக் கை நீட்டியபோது தேவமலர் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கூடத்தில் பெட்டிக்குள் அவள் புருஷன் திலீபன் படுத்திருந்தான். மலாக்கா ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். கழுத்துவரை புது வேட்டி போர்த்தியிருந்தது. சேகரன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே திலீபனோடு ஒரே பட்டறையில் கிரீஸ் பூசிக்கொண்டவன் அவன்.

"நீ போடாத சேகர்," என்றாள். "கொன்ன கையால போடாத."

அவன் குனிந்த தலையோடு வெளியே போனான். நாத்தனார் பெரியநாயகி அவள் தோளைப் பிடித்து, இந்த நேரத்தில் இது வேண்டாம் என்று காதில் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதான் வாயைத் திறக்கவில்லை என்று தேவமலர் உரக்கவே சொன்னாள். யார் காதில் விழுந்தாலும் விழட்டும்.

சந்தேகம் அவளுக்குச் சும்மா வரவில்லை. பெம்பானில் வீட்டை ஒட்டியே பட்டறை. சமையல்கட்டில் நின்றால் அங்கே நடப்பது முக்கால்வாசி தெரியும், மீதி காதில் விழும். ஒரு வாரமாகக் காதில் விழுந்ததெல்லாம் சண்டைதான். எல்லாம் கண்ட்ராக்டர் சாமிக்கண்ணுவின் ஃபோர்வீல் வண்டியால் வந்தது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கும் வண்டி அது. முன்பு வைத்திருந்தவருக்குக் காற்று ஒழுகி ஒழுகித் தொல்லை கொடுத்தது என்று, திலீபனே பைகளைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தான். பிறகு அதை வாங்கிய சாமிக்கண்ணு முதுகெலும்பில் ஆப்பரேஷன் செய்துகொண்டவர். சுங்கை ரம்பாய்ப் பக்கம் செம்பனைக் காட்டுப் பாதையில் அந்த ஸ்பிரிங் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பழையபடி காற்றுப் பையையே மாட்டித் தரச் சொன்னார். திலீபன் சரி என்றான். சேகரன் மாட்டேன் என்றான்.

"காத்த நம்பி அடியில படுக்கிற வேல நமக்கு வேணாம்லா," என்று அவன் கத்தியது இன்னும் அவள் காதில் இருக்கிறது. அதன் பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடக்கூட இல்லை.

அன்று மத்தியானம் நாலு பைகளும் மாட்டியாயிற்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி உயர்ந்து நின்றது. திலீபன் அடியில் படுத்து, எங்கே ஒழுகுகிறது என்று சவுக்காரத் தண்ணீர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். முட்டுக் கொடுக்கிற இரும்புக் கால்கள் சுவரோரம் கிடந்தன. சேகரன் பின்பக்கம் கிரைண்டரில் எதையோ அறுத்துக்கொண்டிருந்தான். தூறல் போட்டது. தேவமலர் துணி எடுக்க ஓடினாள். போகிற போக்கில், பப்பரப்பே என்று திறந்து கிடந்த வண்டிக் கதவையும் தள்ளிச் சாத்தினாள். ஊரான் வீட்டுத் தோல் சீட்டு நனைகிறதே என்ற பதைப்பு இந்த மனுஷனுக்கு என்றைக்கு இருந்தது? கொடியிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்துத் தோளில் போட்டிருப்பாள், அப்போதுதான் வண்டி தரையில் அமுங்கிய சத்தம் கேட்டது.

அவள் திரும்பியபோது சேகரன் வண்டியருகே வந்துவிட்டிருந்தான். அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான்? வந்தவன் வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். ஒரு நொடிதான். அதற்குப் பிறகுதான் ஜாக்கை இழுத்துக்கொண்டு ஓடினான். நான் எதையாவது பார்த்துவிட்டேனா என்று பார்க்கிறான், முட்டுக்கால்களை எடுத்தவன் அவன்தான் என்று அவள் மனதில் எழுதிக்கொண்டாள். ஜாசின் போலீஸில் தப்பு தன்மேல்தான் என்று அவனே சொல்லிவிட்டதாகப் பெரியநாயகி வந்து சொன்னபோது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்தது. என்ன தப்பு என்று அவள் கேட்கவில்லை.

சவ வண்டி வந்துவிட்டது. உள்ளே வரவிடாமல் அந்த ஃபோர்வீல் வாசலை மறித்து நின்றது. காற்றெல்லாம் இறங்கி, தரையோடு குந்தியிருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த சாமிக்கண்ணுவின் டிரைவர் முனுசாமி ஏறி இன்ஜினை முடுக்கினான். வண்டி மெல்ல எழுந்தது. பாதி எழுந்ததும் அவன் கதவைத் திறந்து இறங்கினான். வண்டி அந்த உயரத்திலேயே நின்றது. சக்கரத்துக்கு அணை கொடுத்திருந்த கட்டையை உருவ அவன் குனிந்தான். மறுபடி தூறல் போட்டது. வாசலில் நின்ற தேவமலரின் கை தானாகக் கதவுக்குப் போனது.

"அக்கா, சாத்தாதீங்க."

"சீட்டு நனையுதுப்பா."

"நனையட்டும்க்கா. இதுல ஏதாவது ஒரு கதவு தொறந்திருந்தா ஏறாது, எறங்காது, அப்படியே நிக்கும். சாத்துனா அதுவா மட்டம் தேடும், உசரமா நின்னா எறங்கிடும், கம்ப்யூட்டர் அப்படி. முட்டு இல்லாம பாக்கணும்னாலே திலீபண்ணன் கதவத் தொறந்து போட்டுட்டுத்தான் அடியில போவாரு." அவன் கட்டையை உருவிக்கொண்டு நிமிர்ந்தான். "சேகரண்ணனுக்கும் தெரியும். தெரிஞ்சும் மறதியா சாத்திட்டாராம். போலீஸ்ல அவரே சொன்னாரு."

"சேகரா சாத்துனான்?"

"ஆமாக்கா."

தேவமலர் கதவின் விளிம்பில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கிரைண்டர் இருந்த மூலையை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. அங்கிருந்து பார்த்தால் இந்தக் கதவும் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம், ரம்புத்தான் மரத்தடியில் சேகரன் நனைந்துகொண்டு நின்றான். முனுசாமி பேசியதைக் கேட்டிருப்பான் போலிருந்தது. அவளைத்தான் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. அதில் பயம் இருந்தது. அது அவளுக்காகப் பட்ட பயம் என்று இப்போது தெரிந்தது.

அவள் உள்ளே போய் அரிசித் தட்டை எடுத்துவந்தாள். எல்லோரும் பார்க்கத் தூறலில் நடந்து வேலிவரை போனாள்.

"வா சேகர். மூடப் போறாங்க."

"அண்ணி..."

"நான்தானே..."

"அண்ணி, வேணாம். புள்ளைங்க இருக்கு." குரல் தாழ்ந்திருந்தது. "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அவள் தட்டை நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். மூன்று முறை அரிசி போட்டான். பெரியநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்றுமுன் அப்படிப் பேசியவள் இப்போது ஒதுங்கி வழிவிடுகிறாளே என்று அவளையே பார்த்தாள்.

பெட்டியைச் சவ வண்டிக்குள் தள்ளினார்கள். தூக்கியவர்கள் விலகினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் தலையை நீட்டி, பின்கதவைச் சாத்தச் சொன்னார். பக்கத்தில் நின்றது தேவமலர்தான்.

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள். வண்டிக்காரர் மறுபடி குரல் கொடுத்தார்.

சேகரன் அவளைத் தாண்டி வந்து கதவைச் சாத்தினான்.