செவந்தியின் எல்லைக்கல்

ஆண்டியப்பனுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு இருந்தது. நாலு பேர் மதிக்கிற மீசையும் இருந்தது. மானம் மட்டும் அடிக்கடி எல்லைக்கல்லடியில் போய்க்கொண்டிருந்தது.

அவன் பெண்சாதி செவந்தி திருவரங்குளத்துக்காரி. புதுக்கோட்டை ராஜாவின் குடி என்கிற மிதப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. இவன் ஊரோ வெள்ளைக்காரன் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. சண்டை வந்தால் போதும், விறுவிறுவென்று நடந்து, காட்டை ஒட்டிய எல்லைக்கல்லைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பனைமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள்.

"இது எங்க ராசா மண்ணு. இங்க ஒங்க அதட்டல் செல்லாது."

கல்லைத் தாண்ட ஆண்டியப்பனின் கௌரவம் இடம் கொடுக்காது. இந்தப் பக்கமே நின்று கெஞ்சுவான். ஆடு மேய்க்கிறவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாற்பத்தெட்டில் ராஜா சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டார், புதுக்கோட்டை இனி திருச்சி ஜில்லா என்று செய்தி வந்தது. ஆண்டியப்பன் தெருவுக்கே கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தான். ஊரார் அவனுடைய தேசபக்தியை மெச்சினார்கள்.

சில நாளில் மோரை வைத்துச் சண்டை மூண்டது. மோர் தண்ணீராக இருக்கிறது என்றான் அவன்.

"ஒங்க ஊரு மாடு குடுக்கிறது அம்புட்டுத்தான். எங்க ராச்சியத்து மாடா இருந்தா..."

"எந்த ராச்சியம்? அதான் ராசாவே குடுத்துட்டாரே. இனிமே எல்லையும் இல்ல, கல்லும் இல்ல. எங்க போயி உக்காருவ?"

இத்தனை வருஷமாகத் தேக்கி வைத்திருந்த பேச்சு. சொல்லி முடித்ததும் அவனுக்கு வயிறு குளிர்ந்தது. செவந்தி மாற்றுச்சேலையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆண்டியப்பன் நிதானமாக வெற்றிலை போட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு போனான். பனைமரத்தடியில் ஆளில்லை. அவள் அப்பன் வீடு அரைநாள் நடை. இதுவரை கல்லைத் தாண்டியதுமே சொந்த மண் வந்துவிடும், நின்றுவிடுவாள். இனி நிற்பதற்கு வழியில் என்ன இருக்கிறது? கௌரவம் பார்க்காமல் கல்லைத் தாண்டி ஓடினான்.

கண்மாய்க்கரையில்தான் அவளைப் பிடித்தான்.

"கல்லு அங்கனதான் இருக்கு செவந்தி. இங்கிட்டு திருச்சி ஜில்லா, அங்கிட்டு தஞ்சாவூர் ஜில்லா. நடுவுல கல்லு வேணுமில்ல?"

"ராசாதான் இல்லையே."

"ராசா இல்லாட்டி என்ன? ஒன் எல்லை ஒன் எல்லைதான். இங்கிட்டு என் அதட்டல் செல்லாது."

செவந்தி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்து, பனைமரத்தடியில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆண்டியப்பனும் அப்பாடா என்று பக்கத்தில் உட்காரப் போனான்.

"அங்கிட்டுப் போயி நின்னு கூப்பிடுங்க."

ஆண்டியப்பன் கல்லைத் தாண்டி, தன் ஜில்லாவில் நின்றுகொண்டு, நிம்மதியாகக் கெஞ்ச ஆரம்பித்தான்.