கொல்லை மண்

பொங்கல் விடுமுறையில் குளிர்பெட்டி நின்றுபோனது. ஐந்து நாள் யாரும் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தைத் திறக்கவில்லை. ஆறாவது நாள் காலையில் சுடர்விழி கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மற்றவர்களின் குழாய்களில் ஏதோ கொஞ்சம் பிழைத்தது. அவளுடைய வ-17 மட்டும் எந்தத் தட்டில் தடவியும் முளைக்கவில்லை.

'வ' என்றால் வளவன். அவள் கணவன். சீர்காழிப் பக்கத்து ஊரிலிருந்து மண் எடுத்து அனுப்பியவன் அவன்தான். அனுப்பிய இரண்டாவது மாதம் மயிலாடுதுறை சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். அந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பதினேழாவது நுண்ணுயிரிக்கு அவள் அவன் எழுத்தை வைத்தாள். இரண்டரை வருடமாக அதை வளர்த்தாள்.

உப்பேறிய மண்ணில் நெல்லின் வேர் தவிக்கும்போது எத்திலீன் என்ற வாயு அதிகமாகச் சுரக்கும். அது கூடினால் வேர் நீள்வது நின்றுவிடும். வ-17 வேரோரம் குடியிருந்துகொண்டு, அந்த வாயு உருவாவதற்கு முன்பே அதன் மூலப்பொருளை உடைத்துப்போடும். உடைக்கும் நொதி ஒன்று, அதைச் செய்யச் சொல்லும் மரபணு ஒன்று. இரண்டையும் அவள் கண்டுபிடித்திருந்தாள். உப்புத் தண்ணீர் விட்ட தொட்டியில் வ-17 சேர்த்த நாற்று பச்சையாக நின்றது. பக்கத்துத் தொட்டி நாற்று நுனி கருகிப் படுத்தது.

"மரபணு வரிசையெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்மா," என்றார் அவளுடைய முனைவர் பட்ட வழிகாட்டி கல்யாணம். "ஆனா உயிரோட ஒரு குழாய்கூட இல்லேன்னா யார் நம்புவா? அதே மண்ணுலேர்ந்து மறுபடி எடு. மாசி முடியறதுக்குள்ள கிடைக்கலேன்னா வேற வழியில்ல, தலைப்பை மாத்திடலாம்."

தலைப்பை மாற்றலாம். வளவன் கடைசியாகத் தந்ததை எதைக்கொண்டு மாற்றுவது?

மண் எப்போதோ தீர்ந்துவிட்டது. கவர் மட்டும் அவள் பையில் இருந்தது. நீல மையில் அவன் எழுத்து: 'கொல்லை. நெல்லு வேரோட.'

சுடர்விழி திருவண்ணாமலைப் பெண். அவள் ஊரில் கொல்லை என்றால் கடலையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம். கல்யாணமான புதிதில் வளவன் போனில், "கொல்லையில ரெண்டு வாழையிலை அறுத்து வை" என்றான். அவள் வெயிலில் அரை மைல் நடந்து மேட்டு நிலத்தில் போய் வாழையைத் தேடினாள். வீட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் வளவன் ஊரில் கொல்லை, மேட்டு நிலத்துக்குத் திடல் என்று பெயர் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வாரம் சிரித்தான். அதன் பிறகு அவளிடம் பேசும்போது மட்டும் திடலைக் கொல்லை என்பான். "டாக்டரம்மா, உங்க கொல்லையில உளுந்து பூத்துடுச்சு."

அதனால் கவரைப் பார்த்தபோது அது திடல்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. திடலின் தாழ்ந்த ஓரத்தில் கொஞ்சம் நெல்லும் போடுவார்கள். அங்கே இரண்டு முறை தோண்டி எடுத்துப் போனாள். இருநூறுக்கு மேல் நுண்ணுயிரிகளைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றில்கூட அந்த மரபணு இல்லை.

மூன்றாம் முறை வந்தபோது மாசி பிறந்து பத்து நாள். திடல் ஓரத்தில் நெல் அறுத்த தாளடியில் அவள் குந்தியிருக்க, மாமியார் நீலாம்பாள் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மூணு தடவையா வந்து தோண்டுற. கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"கேக்கறதுக்கு என்ன அத்தை?"

"அவன் நெனப்புல வந்து ஒக்காந்திருக்கேன்னு நெனச்சேன். அழுவுற பொண்ணுகிட்ட என்னத்தக் கேக்குறது?"

"அழல அத்தை. அவர் எடுத்த மண்ணத் தேடறேன்."

கவரை நீட்டினாள். நீலாம்பாள் அதை வாங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். படித்து முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"கொல்லைன்னு எழுதியிருக்கான். திடல்ல வந்து தோண்டிக்கிட்டு இருக்க?"

"அவர் இதைத்தானே கொல்லைன்னு சொல்வார்?"

"உங்கிட்ட வெளையாட்டுக்குச் சொல்லுவான். வேலையில வெளையாடுவானா அவன்? களைக்கொட்டு கேட்டான், நாந்தான் எடுத்துக் குடுத்தேன். பாத்திரம் தேய்க்கிற மூலையில தோண்டினான்."

சுடர்விழி எழுந்து நின்றாள்.

"நீ கருவாடு அலசி ஊத்துவியே, அந்த மூலை. உப்பு ஆவாது ஆவாதுன்னு நாலு தண்ணி அலசுவ. அங்க வெதநெல்லு சிந்தி ஒரு கொத்து மொளச்சுது. அம்புட்டு உப்புலயும் சாவல. 'யம்மா, உன் மருமவ அவளுக்கே தெரியாம ஒரு ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்கா'ன்னு சிரிச்சான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நெசமான்னு தெரிஞ்ச பொறவு சொல்லிக்கலாம்னான்."

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கொல்லை மூலையில் சிமெண்டுத் தளம் இருந்தது. "அவன் காரியத்துக்கு வந்தவங்க வழுக்குதுன்னாங்க. பங்காளிவ போட்டு விட்டாங்க," என்றாள் நீலாம்பாள். சுடர்விழி தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டரை வருடம். அடியில் எது உயிரோடு இருக்கும்? அதை உடைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

நீலாம்பாள் உள்ளே போய்க் கடப்பாறையோடு வந்தாள். முதல் குத்து அவள் போட்டதுதான்.

அடியில் மண் ஈரமாகவே இருந்தது. பக்கத்து வாழையின் வேர் உள்ளே ஓடியிருந்தது. வேரோடு ஒட்டிய மண்ணைச் சுடர்விழி புதுக் கவரில் எடுத்துக்கொண்டாள். தஞ்சாவூர் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

உப்புத் தட்டுகளில் முப்பத்தொன்று முளைத்தன. முப்பதில் ஒன்றும் இல்லை. கடைசி ஒன்றில், சோதனைப் படத்தில் இருக்க வேண்டிய அதே இடத்தில், அந்த மரபணு ஒற்றைக் கோடாக ஒளிர்ந்தது. வரிசையைப் படித்து ஒப்பிட்டதில் எழுத்துக்கு எழுத்து வ-17. மாசி முடிய மூன்று நாள் இருந்தது.

கல்யாணம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆய்வேட்டுல வயல்னு எழுதின இடத்தையெல்லாம் திருத்திடும்மா," என்று மட்டும் சொன்னார்.

அவள் திருத்தினாள். சேகரித்த இடம்: வீட்டுக் கொல்லை, பாத்திரம் தேய்க்கும் மூலை. சேகரித்தவர்: வளவன். அந்தப் பெயரைத் தட்டும்போதுதான் அழுகை வந்தது. முடியும்வரை அழுதுவிட்டு ஊருக்குப் போன் போட்டாள்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது அத்தை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஒடச்ச எடத்தப் பூசறேன்னு கொத்தனாரு வந்தாரு. வேணாம்னுட்டேன். அதுல வெதநெல்லு ஒரு கை தூவியிருக்கேன்."

"சரி அத்தை."

"ஞாயித்துக்கெழம வா. கருவாடு வாங்கி வைக்கிறேன். நீயே அலசி ஊத்து."