சோம்பேறிக் கண்

"இல்லாத எழுத்த எப்படி வாசிச்ச? அத மட்டும் சொல்லு டெல்மா!"

"கத்தாத. கதவு தொறந்திருக்கு."

"தொறந்திருக்கட்டும்! ஹெச், வி, இஸட், டி, எஸ்ஸாம்! வலது கண்ணு முடிஞ்சதுமே உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கற எழுத்துப் பலகையத் திருப்பி மாட்டிட்டேன். இப்போ அங்க இருக்கறது கே, சி, ஆர். எதிர்க் கண்ணாடியில நல்லாப் பாரு. ஹெச்சே கெடையாது!"

"எல்லாரும்தான் மனப்பாடமாச் சொல்றாங்க. நீ மட்டும் யோக்கியமா?"

"சொல்லுவேன். ஆனா எழுத்து மாறினா எனக்குத் தெரியும். உனக்குத் தெரியலயே!"

டெல்மா வலது கண்ணை மூடியிருந்த கறுப்பு மட்டையை மேசைமேல் வீசினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாத வால்டர்" என்றாள். வகுப்புத் தோழன் வால்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வெளியே நடைகூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் தெருக்காரி.

எங்கள் ஊர் கொவில்யாவில் அந்தக் கல்லூரி மலைச்சரிவில், பழைய சாயப்பட்டறைக் கட்டடத்தில் இருக்கிறது. பார்வை அறிவியல் மூன்று வருடப் படிப்பு. அதை முடித்து மேலே இரண்டு வருடம் படித்தால்தான் ஆளை உட்கார வைத்துக் கண்ணாடி எழுதித் தரலாம். எங்கள் தெருவிலிருந்து அங்கே படிக்கப் போன முதல் பெண் டெல்மா. பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் ஊற்றுகிற தியோலிந்தாவின் ஒரே மகள். மூன்றாம் வருடம் வந்துவிட்டாள்; ஜூனில் செய்முறைத் தேர்வு. அதில் தவறினால் சமையலறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அகப்பை காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இடது கண் வாசிக்காது என்பதும் அவளுக்கு வெகுநாளாகத் தெரியும். பார்த்தால் சொல்ல முடியாது, நல்ல அழகான கண். லென்ஸ் போட்டாலும் தெளியாது. மூளை எப்போதோ அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கு நர்ஸ் வந்தபோது வரிசையில் நின்றபடியே முன்னால் இருப்பவர்கள் சொன்னதைக் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டாள். கல்லூரியில் அது இன்னும் சுலபமாகிவிட்டது. ஒருவர் கண்ணை ஒருவர் சோதித்துப் பழகுகிற கூட்டம் அது. எழுத்துப் பலகை முழு வகுப்புக்கும் ஜெபம் மாதிரி மனப்பாடம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் ஈ ஒன்று தாளைவிட்டு எழும்பி நிற்கிற படத்தைக் காட்டினார்கள். எல்லோரும் 'ஐயோ' என்று விரலை இழுத்துக்கொண்டார்கள். டெல்மாவுக்கு அது தாளோடு தட்டையாகத்தான் கிடந்தது. ஆனாலும் எல்லோரையும்விட உரக்க 'ஐயோ' என்றாள்.

அன்று மாலை அவள் மலை இறங்கி வீடு சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. வீட்டுச் சுவர்கள் எங்களுக்கு வசதியாக மெல்லியவை.

"உன் கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல!" தியோலிந்தா முட்டைக்கோஸை வெட்டிய வேகத்தில் பலகையே பிளந்திருக்கும். "யாருடி சொன்னது கொறைன்னு? வருஷா வருஷம் கண்ணக் காக்கற சாந்தா லூசியாவுக்கு மெழுகுக் கண்ணு வைக்கிறேன் நானு!"

"எதுக்கும்மா வைக்கிற?"

கத்தி நின்றது.

"நாலு வயசுல கொய்ம்ப்ரா டாக்டர் எனக்கு என்ன சொன்னாரு? நெஜத்தச் சொல்லு."

"சோம்பேறிக் கண்ணுன்னாரு" என்றாள் தியோலிந்தா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "நல்ல கண்ண ஒட்டுப்போட்டு மூடச் சொன்னாரு. ஒரு வருஷமாம்! நீ சுவர்ல முட்டிக்கிட்டு அழுத. தெருவுல எல்லாரும் கேட்டாங்க, ஒழைக்கிறவனக் கட்டிப்போட்டுட்டுச் சோம்பேறிய வேலைக்கு அனுப்பற மொதலாளிய எங்கயாவது பாத்திருக்கியான்னு. எனக்கும் அது ஞாயமாப் பட்டுச்சு. மூணாவது வாரம் பிச்சு எறிஞ்சேன்."

கேட்டது எங்கள் தெருதான், மறுப்பதற்கில்லை. அந்த வாக்கியத்தை முதலில் சொன்னது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. அன்று எல்லோரும் சிரித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

டெல்மா கத்தவில்லை. ஏழெட்டு வயதுக்குள் ஒட்டுப் போட்டால் தேறும், அதன்பின் கடினம் என்கிற பாடத்தைத் தன் கையால் எழுதிப் படித்தவள் அவள். மூன்று வாரம் என்றால் எவ்வளவு குறைச்சல் என்று கணக்காகத் தெரியும். சூப்பைக் குடிக்காமல் படுக்கப் போனாள். அந்த வீட்டில் அது கத்தலைவிடப் பெரிது.

தேர்வுக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணுக்குள் பார்க்கிற கைவிளக்கை நோயாளியின் வலது கண்ணைப் பார்க்கத் தன் வலது கண்ணிலும், இடது கண்ணைப் பார்க்கத் தன் இடது கண்ணிலும் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் மூக்கும் மூக்கும் இடிக்கும், வாயும் வாயும் நெருங்கும். பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். டெல்மாவுக்கு இருப்பதோ ஒரே கண். வால்டர் மனசு இறங்கிப் பழக வந்தான். ஆறு நாளில் பதினான்கு தடவை மூக்கு இடித்தது.

"சிரிக்காதடா."

"நான் சிரிக்கல. மூக்கு வலிக்குது. நேராப் போயி மேடம்கிட்டச் சொல்லிடேன்."

"சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க."

"இப்படி முட்டினா மட்டும் உள்ள வச்சுப்பாங்களா?"

நடைகூடம் துடைக்கிற அம்மாள் இதையும் பார்த்தாள். தெருவில் கல்யாணத் தேதியே குறித்துவிட்டோம்.

தேர்வுக்கு ஒவ்வொருவரும் நாற்பது தாண்டிய நோயாளி ஒருவரைக் கூட்டி வர வேண்டும். டெல்மா இரண்டு வாரமாக அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் தெருவில் வேறு யாரும் வரத் தயாரில்லை. ஒற்றைக் கண்ணுக்காரி கையில் யார் போய்க் கண்ணைக் கொடுப்பது?

"நான் வரேன்" என்றாள் தியோலிந்தா. "எங்கண்ணு கெட்டாலும் பரவால்ல, ஒனக்குக் கடன்பட்டது அது."

டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டுமென்றால் எங்கள் ஊரில் முதலில் தலையை அலசிச் சுருட்டிக்கொள்வோம், வயிற்றுவலிக்கானாலும் அப்படித்தான். தேர்வுக்கு முந்தின நாள் தெருமுனை முடியலங்காரக் கடைக்குத் தியோலிந்தா போனபோது டெல்மாவும் கூடப் போனாள். தொட்டியில் தலையைப் பின்னால் சாய்த்திருந்த தியோலிந்தா திடீரென்று அலறினாள். ஷாம்பு கண்ணில் போய்விட்டது. கடைக்காரி தலைமாட்டில் நின்றபடியே குனிந்து, இமையைத் தூக்கி முதலில் ஒரு கண்ணைப் பார்த்தாள், பிறகு இன்னொன்றை. அவள் மூக்கு தியோலிந்தாவின் நெற்றிக்கு மேலே காற்றில் நின்றது. எதையும் இடிக்கவில்லை.

டெல்மா கையிலிருந்த பத்திரிகையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வால்டரைக் கைபேசியில் கூப்பிட்டாள். "தலையப் பின்னால சாய்ச்சு உக்காரு, வந்துட்டே இருக்கேன்!" அதைக் கேட்டுவிட்டு நாங்கள் என்ன நினைத்தோம் என்பது இங்கே வேண்டாம்.

மறுநாள், இருட்டாக்கிய தேர்வறை. தியோலிந்தாவின் நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது. டெல்மா தலைமாட்டில் நின்று குனிந்து, வலது கண்ணாலேயே இரண்டு கண்ணையும் பார்த்தாள். பேராசிரியை சுல்மிரா தாளிலிருந்து தலையைத் தூக்கினார். புகழ்ந்து பழக்கமில்லாத மனுஷி.

"அங்க ஏன் நிக்கறீங்க? சலூனா இது?"

நாற்காலி சரியில்லை, அம்மாவுக்குக் கழுத்துவலி என்று இரண்டு பொய்களை டெல்மா தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் இரண்டும் வரவில்லை.

"என் இடது கண்ணு வாசிக்காது மேடம். சின்ன வயசுலேர்ந்து."

"தப்பு என்னோடது டாக்டரம்மா!" சாய்ந்த நிலையிலேயே தியோலிந்தா கூவினாள். "ஒட்டப் பிச்சு எறிஞ்சவ நான். அவள அனுப்பாதீங்க, வேணும்னா என்னை…"

"பேசாதீங்கம்மா. வாய் ஆடினா கண்ணு ஆடும்." பிறகு மகளிடம், "உள்ள என்ன பாத்தீங்க?"

டெல்மா சொன்னாள். ரத்தக்குழாய்கள் சரி. நரம்பு கிளம்புகிற வட்டத்தின் நடுக்குழி மட்டும் வலதைவிட இடது கண்ணில் பெரிதாகத் தெரிகிறது. தலைகீழாக நின்று பார்த்ததால் படத்தையும் மனசுக்குள் திருப்பித்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பேராசிரியை விளக்கை வாங்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பெரிசுதான். கண் டாக்டருக்குக் கடிதம் தரேன், கண்ணுல அழுத்தம் இருக்கான்னு பாக்கட்டும்." தாளில் எழுதினார். "பன்னெண்டு."

இருபதுக்குப் பன்னிரண்டு; பத்து எடுத்தாலே தேர்ச்சி. டெல்மாவுக்கு மூச்சு வந்தது. "ஒரு கண்ணோட நான் மேல படிக்கலாமா மேடம்?"

"ஒரு கண்ணால பாக்கறவங்களுக்கு எந்த வேல சரிவரும், எது வராதுன்னு உக்காந்து பேசுவோம். படிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. மூணு வருஷம் ஒளிச்சதுக்கு ரெண்டு மார்க் கொறச்சிருக்கேன். கண்ணுக்காக இல்ல."

அழுத்தம் இருந்தது. அதிகமாவதற்குள் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தியோலிந்தா தினமும் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறாள். போடுகிறபோதெல்லாம் பக்கத்து வீடு கேட்கிற மாதிரி, "எம் பொண்ணு கண்டுபிடிச்சது" என்பாள். சாந்தா லூசியாவுக்கு மெழுகுக் கண் வைப்பதையும் விடவில்லை. ஒற்றைக் கண் கேட்டுப் பார்த்தாளாம்; கடைக்காரன் ஜோடியாகத்தான் விற்பேன் என்றுவிட்டான்.

டெல்மா மேல்படிப்பும் முடித்தாள். இப்போது வண்டியில் மலைக் கிராமங்களின் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கண் பார்க்கிறாள். ஒரு கண் முடிந்ததும் பலகையைத் திருப்பி மாட்டுவாள். வரிசையில் நிற்கிறவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவாள். எங்கள் தெருவிலேயே இப்போது இரண்டு பிள்ளைகள் ஒட்டுப் போட்டுத் திரிகிறார்கள். கேலி பேச யாருக்கும் வாய் வராது. தியோலிந்தா அகப்பையோடு வாசலில் நிற்கிறாள்.

வால்டர்? பல் மருத்துவம் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அயர்லாந்து போய்விட்டான். அந்தப் பதினான்கு மூக்கு இடிகளும் வீண். டெல்மா கட்டிக்கொண்டது அந்தப் பரிசோதனை வண்டியை ஓட்டுகிற அனிபாலை. நல்ல பையன். மூக்கு மட்டும் இந்த ஜில்லாவிலேயே பெரியது. கல்யாணத்தன்று கோயில் வாசலில் முத்தம் கொடுக்கச் சொல்லி எல்லோரும் கத்தினோம். டெல்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், இடிக்கவில்லை.